கீழ் ஹாலுக்கும் மேல் ஹாலுக்கும் நடுவே ஒரு சிரிப்பு

சில விநாடிகளே ஓடும் ஒரு கிளிப். மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம் பூசிய ஒரு பெண் குழந்தை வாயை அகலத் திறந்து சிரிக்கிறது. அது யார் வீட்டுக் குழந்தை? இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. பதில் தெரியாமலேயே என் எடிட்டிங் நாற்காலியை உங்களிடம் விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

திருப்பதி ஸ்டுடியோவில் என் இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும், இந்த எடிட்டிங் வேலைக்குப் புதிதாக வருகிற மற்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அனுபவம் சொல்வதற்கு எனக்கு என்ன வயதாகிவிட்டது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அதையே நினைத்துப் பலமுறை எழுதி எழுதி அழித்தேன். ஆனால் கணவருக்குச் சித்தூருக்கு மாற்றல் வந்து, இரண்டாவது குழந்தையும் பிறந்து, நான் வேலையை விட்டாயிற்று. விட்டவர்கள்தானே சொல்ல வேண்டும்.

கிளிப்புக்குப் பெயர் வைப்பதை யாரும் பெரிய வேலையாக நினைப்பதில்லை. கேமரா கார்டிலிருந்து இறக்கி, ஃபோல்டர் போட்டு, பெயர் கொடுத்தால் முடிந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். சேர்ந்த புதிதில் வந்த ஒரு தெலுங்குக் கல்யாணத்தில் தாலி கட்டும் கிளிப்புகளுக்கு 'முகூர்த்தம்' என்று பெயர் வைத்தேன். மாப்பிள்ளையும் பெண்ணும் சீரகமும் வெல்லமும் சேர்த்து ஒருவர் தலையில் ஒருவர் வைக்கும் கிளிப்புகளை 'மற்றவை' என்ற ஃபோல்டரில் தள்ளிவிட்டேன். நகரிப் பக்கம் தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்தவளுக்கு முகூர்த்தம் என்றால் தாலிதான். அவர்களுக்கோ அந்தச் சீரக வெல்லம்தான் முகூர்த்தமே. ஓனர் அண்ணா திரையைப் பார்த்துவிட்டு, "அவங்க கல்யாணத்தையே மற்றவைல போட்டுட்டியேம்மா" என்றார். திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை பெயர் வைக்கும்போதும் என் கை ஒரு கணம் நிற்கும். என் அம்மா இதைக் கேட்டால், நீ சமையலில் உப்புப் போடும்போதும் அப்படித்தான் நிற்பாய் என்பார்.

சந்தனத் தலைக் குழந்தைக்கு வருகிறேன்.

நம் ஸ்டுடியோவுக்குக் கல்யாணத்துக்கு அடுத்தபடியாக வருவது காதுகுத்து வேலை. குடும்பம் குடும்பமாக மலைக்குப் போய்க் குழந்தைக்கு முடி கொடுத்துவிட்டு, கீழே இறங்கி மண்டபத்தில் காதுகுத்து வைப்பார்கள். நமக்கு வரும்போதே குழந்தை மொட்டையாகத்தான் வரும். முடியோடு எப்படி இருந்தது என்று பார்க்க நம்மிடம் ஒரு ஃபிரேம்கூட இருக்காது. வெயிலுக்குச் சட்டையும் கழற்றிவிட்டால், சந்தனம் புருவம் வரை வழிந்துவிட்டால், ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தைகள் எல்லாமே ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

அந்தக் கிளிப் எடுத்த அன்றைக்கு ஒரே மண்டபத்தில் இரண்டு காதுகுத்து. கீழ் ஹாலில் சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க் குடும்பம். மேல் ஹாலில் வெதுருகுப்பத்திலிருந்து வந்த தெலுங்குக் குடும்பம். இரண்டும் பெண் குழந்தை. முகூர்த்தமும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டையும் நம் ஸ்டுடியோதான் ஒப்புக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு ஹால் என்று இரண்டு கேமராமேன் போக வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல். இன்னொருவரே ஒரே கேமராவோடு மாடிப்படியில் ஏறி இறங்கி இரண்டையும் எடுத்தார். காது குத்தும் ஆசாரியும் இரண்டு ஹாலுக்கும் ஒருவரே. கீழே முடித்துவிட்டு அவர் மேலே ஏற, கேமராவும் பின்னாலேயே ஏறியது. கீழே மேளம், மேலே மேளம். ஒலியை வைத்து எது எந்த ஹால் என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை.

கார்டு என் கைக்கு வந்தபோது எல்லாம் கலந்திருந்தது. நான் பயப்படவில்லை. குழந்தையின் முகத்தைப் பார்த்தால்தானே குழப்பம்? காதுகுத்து தாய்மாமன் மடியில் நடப்பது. அதனால் மடியைப் பார்த்தேன். கீழ் ஹால் மாமா கையில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார். மேல் ஹால் மாமா கையில் பெரிய வாட்ச். கயிறு தெரிந்தால் கீழ், வாட்ச் தெரிந்தால் மேல். மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாக் கிளிப்புக்கும் பெயர் வைத்துவிட்டேன். ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் கயிறும் இல்லை, வாட்சும் இல்லை. குழந்தையின் முகம் மட்டும் திரை முழுக்க. இரண்டு பக்கமும் ஆசாரியின் விரல்கள் காதுகளை மூடியிருந்தன. பின்னால் மஞ்சள் நிறத்தில் மங்கலாகச் சாமந்திப் பூ. இரண்டு ஹாலிலும் அதே சாமந்திதான். இது வேண்டாம், தேவைப்படாது என்று தனியாக வைத்துவிட்டேன்.

மறுநாளே தேவைப்பட்டது.

கீழ் ஹால் குழந்தையின் அம்மா போன் செய்தாள். என்னைவிடச் சின்னவள். அவள் கணவர் வெளிநாட்டில், ஊரை விட்டு வெகுதூரத்தில் இருக்கும் ஏதோ வேலைத் தளத்தில் இருக்கிறார். குழந்தை பிறப்பதற்கு முன்பே போனவர். இன்னும் கையில் தூக்கிப் பார்த்ததில்லை. அங்கே நெட் சரியாக வராது, போனில் பேசுவதே பாதி விட்டு விட்டுத்தான் என்றாள்.

"அக்கா, ஆசாரி காதத் தொட்டதும் பாப்பா சிரிச்சுக்கினே இருந்தா. எல்லாரும் பாத்தாங்க. அவரு நம்ப மாட்றாரு. காதுகுத்தும்போது எந்தக் கொழந்த சிரிக்கும்னு என்னையே கிண்டல் பண்றாரு. அது மட்டும் வீடியோல வந்துடணும் அக்கா."

அவருடன் வேலை செய்பவர் ஒருவர் விடுமுறையில் வந்திருந்தாராம். இன்னும் ஓரிரு நாளில் திரும்புகிறார். அவர் கையில் பென் டிரைவ் கொடுத்தனுப்ப வேண்டும்.

போனை வைத்ததும் அந்தப் பெயரில்லாத கிளிப்பைத் திறந்தேன். சிரிப்பு இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய கிளிப் கீழ் ஹால், அடுத்த கிளிப் மேல் ஹால். நடுவில் இது. கீழே குத்தி முடித்த பிறகு ஆசாரி காதைத் துடைக்கிறாரா, மேலே குத்துவதற்கு முன் இடம் பார்த்துப் பொட்டு வைக்கிறாரா என்று எத்தனை முறை ஓட்டிப் பார்த்தும் சொல்ல முடியவில்லை. கீழ் ஹாலில் குத்தும் நேரத்து மற்றக் கிளிப்புகளில் உறவினர்களின் முதுகுதான் தெரிந்தது. கேமராமேனைக் கேட்டேன். "அக்கா, அன்னிக்கு நா படிக்கட்டத் தவிர எதையும் பாக்கல" என்றார். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

ஓனர் அண்ணாவிடம் சொன்னேன். அவருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடு, கேட்காதவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றார். அவர் சொன்னதில் தப்பு என்ன என்று என்னால் உடனே சொல்ல முடியவில்லை. நாற்காலியில் வந்து உட்கார்ந்து, கிளிப்பைக் கீழ் ஹால் படத்தின் டைம்லைனில் இழுத்தும் வைத்துவிட்டேன். பிறகு, அந்த மனிதர் அங்கே தகரக் கொட்டகையிலோ எங்கோ உட்கார்ந்து அதை எத்தனை தடவை பார்ப்பார் என்று யோசித்தேன். குழந்தையையே தொட்டிராதவர். அவர் முதன்முதலாக மனசில் வைத்துக்கொள்ளும் சிரிப்பு வேறு வீட்டுக் குழந்தையுடையது என்றால்? எடுத்துவிட்டேன். அவளுடைய குழந்தையாகவே இருந்தால், கொடுக்காமல் விட்டது எவ்வளவு பாவம்? திரும்ப வைத்தேன். இப்படி வைத்தும் எடுத்தும் ஒரு பொழுது போனது.

நிறுத்தி, ஏதாவது ஒரு அடையாளம் தேடினேன். நானும் ஒரு குழந்தையை வளர்த்தவள்தானே. வாய் திறந்திருக்கிறது, பல் தெரிகிறது. கீழே இரண்டு. சத்தியவேட்டுப் பெண்ணுக்குப் போன் செய்து பாப்பாவுக்கு எத்தனை பல் என்று கேட்டேன். கீழே இரண்டு என்றாள். நிம்மதியோடு, எதற்கும் இருக்கட்டும் என்று வெதுருகுப்பத்துக்கும் போட்டேன். அங்கேயும் கீழே இரண்டுதான்.

போட்டதுதான் போட்டோம் என்று அந்த அம்மாவிடம், காது குத்தும்போது உங்கள் பாப்பா அழுததா சிரித்ததா என்று தெலுங்கில் கேட்டேன். அவள் கொஞ்சம் வெட்கப்பட்டு, தனக்குத் தெரியாது, தான் கண்ணை இறுக மூடிக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றிருந்ததாகச் சொன்னாள். அதைக் கேட்டு எனக்கு அவள்மேல் பிரியமே வந்தது. என் பெண்ணுக்குக் குத்தும்போது நான் மண்டபத்தை விட்டே வெளியே போய் நின்றவள். அதற்குள் அவளிடமிருந்து போனை யாரோ வாங்கினார். தாய்மாமனாம். எங்கள் பாப்பா அழவே அழாது, சிரித்துக்கொண்டே இருந்தது, அந்த மண்டபத்தில் அப்படி ஒரு தைரியசாலிக் குழந்தையை யாருமே பார்த்ததில்லை என்றார். மேல் ஹால் குழந்தை தெருவுக்கே கேட்கிற மாதிரி வீறிட்டு அழும் கிளிப்புகள் என் முன்னால் வரிசையாக இருந்தன. அவற்றில் குழந்தையைப் பிடித்திருக்கும் வாட்ச் கட்டிய கை அவருடையதுதான். நான் சரிங்க என்று வைத்துவிட்டேன். எந்த மாமனும் தன் மடியில் உட்கார்ந்த குழந்தை அழுதது என்று சாட்சி சொல்ல மாட்டான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஆனால் குத்துவதற்கு முன்னால் அது சிரித்திருக்கலாமே.

அடுத்த நாள் காலையில் சத்தியவேட்டுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டாள். பஸ்ஸில் கூட்டமாம். குழந்தை ஒரு பிஸ்கட்டைப் பாதி தின்று, மீதியை அவள் தோளில் தேய்த்திருந்தது. அதன் தலையில் சந்தனம் போய் நரை மாதிரி கொஞ்சம் முடி எட்டிப் பார்த்தது.

அவளிடம் அந்தக் கிளிப்பை நேராகக் காட்டிவிடலாம். பார்த்ததும் என் குழந்தைதான் என்பாள். அது பதிலாகுமா? அதனால் இரண்டு ஹாலின் குளோசப்புகளையும் பெயர் மறைத்து ஒன்றாக வரிசைப்படுத்தினேன். உங்கள் பாப்பா இருக்கிற இடத்தில் மட்டும் சொல்லுங்கள், பெயர் சரிபார்க்க வேண்டும் என்றேன். நான் செய்தது சோதனை என்று அவளுக்குத் தெரியாது. அது எனக்கு உறுத்தியது.

முதல் சிலவற்றைச் சரியாகச் சொன்னாள். பிறகு ஒரு கிளிப் வந்தது. சந்தனத் தலை, கொட்டாவி விடுகிற வாய். "தோ, நம்ம பாப்பா. தூக்கம் வந்தா இப்டித்தான்" என்று திரையைத் தொட்டே காட்டினாள். நான் கிளிப்பை நிறுத்தாமல் ஓடவிட்டேன். கேமரா பின்னால் நகர்ந்தது. வாட்ச் கட்டிய கை வந்தது. அதற்குப் பின்னால் மேல் ஹால் மாமாவின் மீசை வந்தது.

அவள் கையை மெதுவாகக் கீழே இறக்கினாள். இடுப்பிலிருந்த குழந்தையை முகத்துக்கு நேராகத் தூக்கி ஒரு முறை பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"அய்யே, எம்பொண்ண எனக்கே தெரியல பாரேன். இத எங்கூட்டுக்காரருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அக்கா."

சிரித்தாலும் கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் என் கதையைச் சொன்னேன். என் பெண்ணுக்கு மொட்டை போட்ட மறுநாள் அவளை அழைத்துவரக் குழந்தைகள் காப்பகத்துக்குப் போனேன். வாசலில் தவழ்ந்து வந்த ஒரு மொட்டைக் குழந்தையை அள்ளித் தூக்கி முத்தமும் கொடுத்துவிட்டேன். அது வேறு குழந்தை. அதுவும் பையன். ஆயாம்மா, "உன்னிது உள்ள துன்னுக்கினு கீது" என்று சாவகாசமாகச் சொன்னார். நான் பல நாள் இதை என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. நல்ல அம்மாவுக்கு இப்படி நடக்குமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அவளிடம் சொன்னபோதுதான், நடக்கும் போலிருக்கிறது என்று தோன்றியது.

அதன் பிறகு அவளிடம் எதையும் மறைக்க முடியவில்லை. சிரிப்புக் கிளிப்பைப் போட்டேன். அது கீழ் ஹாலா மேல் ஹாலா என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள வழியும் இல்லை என்றேன். பக்கத்து மேஜையிலிருந்து ஓனர் அண்ணா என்னை முறைத்தார். அவள் மூன்று நான்கு முறை போடச் சொன்னாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"எங்கொழந்த மாதிரிதான் கீது. இப்ப சொன்னா நானே என்ன நம்ப மாட்டேன். போடாதீங்க அக்கா. அவ சிரிச்சது நா பாத்தேன். அது போதும், அவரு நா சொல்றத நம்பட்டும்."

அவள் மனப்பூர்வமாகத்தான் சொன்னாள். ஆனால் வெறும் கையோடு அனுப்புகிறோமே என்று எனக்கு இருந்தது. கிளிப்பை நிறுத்த மறந்துவிட்டேன். அது சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் அவள் மடியிலிருந்த குழந்தை திரையில் சிரிக்கிற மொட்டைத் தலையைப் பார்த்தது. கையை நீட்டியது. கழுத்தெல்லாம் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தது. திரைக் குழந்தை சிரிக்கச் சிரிக்க இதுவும் சிரித்தது. ஓனர் அண்ணாவே எழுந்து வந்து பார்த்தார். நான் போனை எடுத்துப் பதிவு செய்தேன். குழந்தை, அதன் காதில் புதுக் கம்மல், அதைப் பிடித்திருக்கும் அம்மாவின் கை, அம்மாவின் முகம், எல்லாம் ஒரே ஃபிரேமில் வரும்படி எடுத்தேன். அந்த வேலையில் இருந்தவரை அவ்வளவு நிச்சயமாக வேறு எந்தக் கிளிப்புக்கும் நான் பெயர் வைத்ததில்லை. குழந்தையின் பெயர், அம்மா மடி, ஸ்டுடியோ.

காதுகுத்துப் படத்தின் கடைசியில் அதைச் சேர்த்தேன். பென் டிரைவை அவள் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனாள். அடுத்த மாதம் போன் செய்தாள். அவர் பார்த்துவிட்டாராம். அந்தக் கடைசித் துண்டை மட்டும் உடனிருப்பவர்கள் அலுத்துப்போகும் வரை போட்டுப் போட்டுப் பார்க்கிறாராம். ஆனாலும் கிண்டலை விடவில்லை. சிரிக்கிறாள் சரி, காது குத்தும்போது சிரித்தாள் என்றாயே, அது எங்கே என்று கேட்டாராம். "மூக்கு குத்தும்போது நீ வந்து மடியில வச்சுக்கோ, அப்பத் தெரியும்னு சொல்லிட்டேன் அக்கா" என்றாள்.

தாய்மாமன் மடியை அப்பாவுக்குக் கொடுத்தால் அவள் தம்பி சண்டைக்கு வரமாட்டானா என்று கேட்டேன். அதற்கும் சிரித்தாள்.

நான் செய்தது சரி என்று சொல்லி உங்களுக்குப் பாடம் நடத்த எனக்குத் துணிவில்லை. இரண்டு சொல்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள். முகத்தை நம்பிப் பெயர் வைக்காதீர்கள், மடியைப் பாருங்கள். தெரியாததற்கு அவசரப்பட்டு ஒரு பெயர் வைத்துவிட்டால், மறுநாளே அது உங்களுக்கே தெரிந்த மாதிரி ஆகிவிடும். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு நம் கேமராமேன் ஹால் மாறும்போதெல்லாம் வாசலில் பூவால் எழுதியிருக்கும் பெயரை முதலில் எடுத்துவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார். ஓனர் அண்ணா சொல்லாமலேயே கேமராமேன் தானாகச் செய்ய ஆரம்பித்தார். அதில் எனக்குச் சந்தோஷம்.

ஆனால் அந்தக் கிளிப் இன்னும் இருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்கில், 'தெரியவில்லை' என்ற ஃபோல்டரில், அது ஒன்று மட்டும். வெதுருகுப்பத்து அம்மாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு நின்றவள். அது அவள் குழந்தையாக இருந்தால், அவள் பார்க்காமல் விட்ட சிரிப்பு அது. அவளுக்கு அனுப்பிவிடலாம் என்று பல நாள் நினைத்தேன். அனுப்பினால் என் குழந்தைதான் என்று வைத்துக்கொள்வாள். சத்தியவேட்டுக் குழந்தையின் சிரிப்பு அந்த வீட்டு டிவியில் ஓடும். இரண்டு பேருக்கும் அனுப்பி, யாருடையது என்று தெரியாது என்று எழுதிவிடலாம் என்று என் கணவர் சொல்கிறார். அப்படிச் செய்தால், தன் குழந்தையோ என்னவோ, அதன் சிரிப்பை முகம் தெரியாத ஒரு வீட்டில் பார்க்கிறார்கள் என்று இரண்டு அம்மாக்களுக்கும் கண்ணேறு பயம் வராதா? எனக்கு வரும்.

போன வாரம் ஓனர் அண்ணா போனில் பேசினார். டிஸ்க் நிரம்பிவிட்டதாம். பழையதையெல்லாம் அழிக்கும்படி உங்களிடம் சொல்லப் போகிறாராம். அதனால்தான் இத்தனையும் எழுத உட்கார்ந்தேன். அழித்துவிடலாமா? ஒருவருக்கு அனுப்பலாமா, இருவருக்குமா? உங்களில் குழந்தை பெற்றவர்கள் இருந்தால் அவர்கள் ஒரு யோசனை சொல்லுங்கள். பெறாதவர்களும் சொல்லுங்கள், அவர்களுக்குத்தான் தெளிவாகத் தோன்றலாம். அதுவரை அந்த ஃபோல்டரை அழிக்காதீர்கள். பெயரையும் மாற்றிவிடாதீர்கள்.